கிளப்புக்குப் பின்னால் ஒரு டெனர்: லண்டன் நாட்குறிப்பு

செவ்வாய்

ரோனி ஸ்காட் என்று தேடிப் பாருங்கள். முதலில் வருவது ஒரு ஜாஸ் கிளப்பின் முகவரி: ஃபிரித் தெரு, 47ஆம் எண். அடுத்து டிக்கெட் விலை, சாப்பாட்டுப் பட்டியல், அங்கே வாசித்துவிட்டுப் போன அமெரிக்க மேதைகளின் பெயர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பதின்ம வயதில் தொடங்கி அறுபதைத் தாண்டியும் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் என்ற செய்தி எங்கோ கீழே ஒரு வரியில் கிடக்கும்.

நான் திருச்சியில் மெல்லிசைக் கச்சேரிகளில் டெனர் வாசிப்பவன். அதே வாத்தியத்தைப் பிடித்த ஒருவரின் வாசிப்பு, அவர் நடத்திய கிளப்பின் புகழுக்குப் பின்னால் மறைந்துபோனதில் எனக்கு நெடுநாள் ஆதங்கம். சித்தப்பா மகன் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். லீவு கிடைத்தது, வந்துவிட்டேன். அரண்மனை, டவர் பிரிட்ஜ் எல்லாம் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தடவை அந்த டெனர்காரர் நடந்த வழி மட்டும்.

சாக்ஸபோன் என்றதும் நம் ஆட்களுக்குக் கத்ரி கோபால்நாத் ஞாபகம் வரும். 1994இல் இதே லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் விழாவில் வாசித்தவர் அவர். அவர் கையில் இருந்தது ஆல்டோ. டெனர் அதைவிடப் பெரியது, கனமானது. அதன் குரல் ஆண்குரலுக்குப் பக்கத்தில் இறங்கிப் பேசும். ஜாஸில் கதை சொல்லும் வாத்தியம் என்றால் எனக்கு டெனர்தான்.

இன்று மத்தியானம் ஆல்ட்கேட் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி ஏலி தெரு பக்கம் நடந்தேன். 1927 ஜனவரி 28 அன்று ரோனி பிறந்தது இந்த ஆல்ட்கேட் பகுதியில். பிறந்தபோது வைத்த பெயர் ரொனால்ட் ஷாட். யூதக் குடும்பம், அப்பா வழியில் ரஷ்ய வேர். அம்மாவின் குடும்பம் இதே ஏலி தெருவில் இருந்த போர்ச்சுகீசிய யூதக் கோயிலுக்குப் போய்வந்தவர்கள். அப்பாவும் சாக்ஸபோன்காரர். நடன இசைக்குழுக்களில் ஜாக் ஸ்காட் என்ற பெயரில் வாசித்தார். பையன் சின்ன வயதாக இருக்கும்போதே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். பிரிந்துபோன அப்பாவின் வாத்தியத்தையே பிள்ளையும் எடுத்தான், அதுவும் அவர் மேடைப் பெயரோடு. அதைப் பற்றி என்ன நினைப்பது என்று ஏலி தெருவில் நடந்துகொண்டே யோசித்தேன். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்களும் அலுவலகங்களும்தான். பழைய கிழக்கு லண்டன் வாசனை சந்துகளில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தே கேட்ட பாடகி வேரா லின்னின் மாமனார். அந்தப் போர்தான் ரோனிக்கு வழியும் திறந்தது. வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் பட்டாளத்துக்குப் போய்விட, பதினாறு பதினேழு வயதுப் பையன்களுக்கு இரவு விடுதிகளில் வேலை கிடைத்தது. 1944இல் ஜானி க்ளேஸ் குழுவில் ரோனி. (இந்த க்ளேஸ் டிரம்பெட்காரர். பின்னாளில் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் ஓடினார். ஒரே ஆயுளில் இரண்டும் செய்த இன்னொருவரை நான் கேள்விப்பட்டதில்லை.) 1946இல் நாட்டின் பெரிய குழுவான டெட் ஹீத் ஆர்க்கெஸ்ட்ரா. அப்போது வயது 19.

காலில் வலி. தூங்கப் போகிறேன்.

புதன்

இன்று முழுக்க ஸோஹோ. பிக்கடில்லி சர்க்கஸில் இறங்கினால் எல்லாமே நடக்கிற தூரம்தான். ஒரு மனிதனின் முதல் இருபது வருஷத் தொழில் வாழ்க்கை ஒரு மைல் சுற்றளவுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் ஆர்ச்சர் தெரு. சின்னஞ்சிறிய தெரு. ஒரு காலத்தில் லண்டன் வாத்தியக்காரர்கள் திங்கட்கிழமை மத்தியானமானால் இங்கே வந்து நிற்பார்கள். நம் ஊரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்க விடிகாலையில் ஒரு முக்கில் கூடுவார்களே, அதே ஏற்பாடு. குழு நடத்துபவர் வந்து 'சனிக்கிழமைக்கு ஒரு டிரம்மர் வேணும்' என்பார். ஆள் அங்கேயே கிடைப்பான். போன வாரக் கச்சேரிக்கான காசும் அங்கேயே கைமாறும். யார் நன்றாக வாசிக்கிறான், யார் கடனைத் திருப்பித் தரமாட்டான், யாரிடம் புது அமெரிக்க இசைத்தட்டு வந்திருக்கிறது, எல்லாம் அந்த நடைபாதையில் தெரிந்துவிடும். இப்போது ரெஸ்டாரன்ட்களும் பார்களும். இரண்டு பக்கமும் நடந்து பார்த்தேன், மூன்று நிமிஷத்தில் தெரு முடிந்துவிட்டது.

தெரு முனையில் பழைய விண்ட்மில் தியேட்டர். அதற்கு எதிர்ப்பக்கம் கிரேட் விண்ட்மில் தெரு 41ஆம் எண். இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்க்கும் அறைகள் இருந்தன. 1948 டிசம்பரில் அங்கே 'கிளப் இலெவன்' தொடங்கியது. முதலாளி கிடையாது. பதினொரு பேர் சேர்ந்து நடத்தியதால் அந்தப் பெயர். ஒரு குழுவுக்கு ரோனி தலைவர், இன்னொன்றுக்கு ஆல்டோ வாசித்த ஜான் டாங்க்வொர்த். பிரிட்டனில் பீபாப் வாசிப்பதற்கென்றே ஓர் இடம் வந்தது இங்கேதான்.

பீபாப் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு ஜாஸ் பெரும்பாலும் ஆடுவதற்கான இசை. 1940களின் நடுவில் நியூயார்க்கில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வேகத்தைக் கூட்டி, ஸ்வரக்கூட்டுகளை நுணுக்கி, உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டிய இசையாக மாற்றினார்கள். லண்டன் பையன்களுக்கு அது இசைத்தட்டில்தான் கிடைத்தது. ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஒவ்வொரு வரியாகக் காதால் பிடித்தார்கள். 78 சுழற்சித் தட்டு, ஒரு பக்கம் மூன்று நிமிஷம். நானும் கேசட்டை ரீவைண்டு செய்து செய்து கற்றவன், அந்த அவஸ்தையும் சந்தோஷமும் எனக்குத் தெரியும். இரண்டு ஸ்வரம் பிடிபடுவதற்குள் ராத்திரி போய்விடும். பிடிபட்டதும் விரல் அதை விடாது.

கிளப் இலெவன் 1950இல் கார்னபி தெரு 50ஆம் எண்ணுக்கு மாறியது. சில மாதங்களில் போதைப்பொருள் சோதனை என்று போலீஸ் புகுந்தது. கதவு மூடப்பட்டது. கார்னபி தெருவுக்கும் போய் வந்தேன். துணிக்கடைகள். சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் ஜெரார்ட் தெரு. இன்று அது சைனா டவுன். தலைக்கு மேல் வரிசையாகச் சிவப்புக் காகித விளக்குகள், கண்ணாடிக்குப் பின்னால் கொக்கியில் தொங்கும் வறுத்த வாத்து, நடைபாதை முழுக்க இஞ்சி வாசனை. 39ஆம் எண் எதிரே நின்றேன். 1959 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை இரவு, இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் ரோனி ஸ்காட் கிளப் திறந்தது. அதற்கு முன்பு டாக்ஸி டிரைவர்கள் ஓய்வெடுத்துத் தேநீர் குடித்த இடம் அது. கூட்டாளி பீட் கிங். அவரும் டெனர் சாக்ஸபோன்காரர். வாத்தியத்தை வைத்துவிட்டுக் கணக்கு வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் ஆயிரம் பவுண்டைக் கடனாகக் கொடுத்தவர் ரோனியின் மாற்றாந்தந்தை. நோக்கம் எளிது: நாங்கள் விரும்பியதை நாங்கள் விரும்பியபடி வாசிக்க ஓர் இடம்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்கர்களை அழைத்து வருவதற்காக அந்த இடம் திறக்கப்படவில்லை. லண்டன் வாத்தியக்காரர்கள் வாசிப்பதற்காகத் திறக்கப்பட்டது. முதல் இரவு மேடையேறியது இன்னொரு லண்டன் டெனர்காரர் டப்பி ஹேஸின் நால்வர் குழு. அந்த இரவுக்கான விளம்பரத்தில் 'இளம் ஆல்டோ சாக்ஸபோன்காரர் பீட்டர் கிங், வயதான டெனர் சாக்ஸபோன்காரர் ரோனி ஸ்காட்' என்று போட்டிருந்தார்கள். (இந்த பீட்டர் கிங் வேறு, கூட்டாளி பீட் கிங் வேறு.) ஆல்டோக்காரருக்கு 19 வயது. அந்த 'வயதான' டெனருக்கு 32.

வியாழன்

சென்ட்ரல் லைனில் லௌடன் போனேன், லண்டனை விட்டு எஸ்ஸெக்ஸ் எல்லைக்குள். பாதாள ரயில் என்று பெயர், பாதி வழி வெளிச்சத்தில் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே பொது நூலகக் கட்டடத்துக்குள் இருக்கிறது தேசிய ஜாஸ் ஆவணக் காப்பகம். கார்னெட் வாசிக்கும் டிக்பி ஃபேர்வெதர் 1988இல் தொடங்கியது. முன்கூட்டி எழுதிக் கேட்டிருந்ததால் பழைய பத்திரிகைத் தொகுப்புகளை எடுத்து வைத்திருந்தார்கள். 'பென்சில் மட்டும்தான், பேனா வேண்டாம்' என்றார் மேற்பார்வையாளர் அம்மா. அப்புறம் அவரே எனக்கு ஒரு பென்சிலும் கொடுத்தார்.

நான் தேடிப் போனது ஒரு தடையின் கதை. 1935 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்க இசைக்குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க அனுமதி கிடையாது. அமெரிக்கச் சங்கம் பிரிட்டிஷ்காரர்களுக்கு அங்கே இடம் கொடுக்கவில்லை, அதனால் பிரிட்டிஷ் வாத்தியக்காரர் சங்கமும் அரசின் தொழிலாளர் துறையும் இங்கே கதவை அடைத்தன. தங்கள் ஆட்களின் பிழைப்பைக் காக்க வேண்டும் என்ற சங்கத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் விளைவு என்ன? ஒரு தலைமுறை முழுக்க, தான் நேசிக்கும் இசையை நேரில் கேட்காமலே வளர்ந்தது. 1956இல்தான் ஆளுக்கு ஆள் மாற்று என்ற ஏற்பாடு வந்தது. ஸ்டான் கென்டன் குழு இங்கே வர, டெட் ஹீத் குழு அங்கே போனது.

அந்த ஏற்பாடு பெரிய குழுக்களுக்கு. ஒற்றை ஆளாக ஓர் அமெரிக்கர் வந்து ஒரு சின்ன கிளப்பில் வாரக்கணக்கில் வாசிக்க வழியில்லை. அந்தப் பூட்டைத் திறந்தவர் பீட் கிங். இரண்டு சங்கங்களோடும் பேசிப் பேசி, 1961 நவம்பரில் அமெரிக்க டெனர்காரர் ஜூட் சிம்ஸ் ஜெரார்ட் தெருவுக்கு வந்தார். பதிலுக்கு டப்பி ஹேஸ் நியூயார்க் ஹாஃப் நோட் கிளப்பில் வாசித்தார். அதற்கப்புறம் வந்தவர்களின் பட்டியல்தான் கிளப்பின் புகழாக மாறியது: ஸ்டான் கெட்ஸ், சோனி ரோலின்ஸ், பென் வெப்ஸ்டர். கெட்ஸ் தெய்வீகமாக வாசிப்பார், பழகுவதற்குக் கடினமானவர். 'ஸ்டான் கெட்ஸைத் திருப்திப்படுத்த வளைந்து வளைந்துதான் என் முதுகெலும்பு நழுவியது' என்பது ரோனி மேடையில் சொன்ன பிரபலமான வரி.

கவனியுங்கள், வந்தவர்களில் எத்தனை பேர் டெனர்காரர்கள். தன் வாத்தியத்தின் உலக மேதைகளைத் தானே அழைத்து வந்து, இரவுக்கு இரவு அவர்களை மேடையில் அறிமுகம் செய்துவிட்டு, அதே மேடையில் தானும் வாசிப்பது என்றால் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! என்னால் முடியாது. நம்மில் அநேகருக்கு முடியாது. ஒப்பீடு தன் மேல் விழும் என்று தெரிந்தே, கதவைத் திறந்து விட்டவர் அவர்.

சாயந்திரம் திரும்பும் வழியில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடில் இறங்கினேன். வெளியே வந்தால் எதிரே டொமினியன் தியேட்டர். 1958 பிப்ரவரியில் அமெரிக்க பியானோக்காரர் டேவ் ப்ரூபெக்கின் நால்வர் குழுவோடு ஒரே நிகழ்ச்சியில் 'ஜாஸ் கூரியர்ஸ்' வாசித்தது இங்கேதான். ரோனியும் டப்பி ஹேஸும் 1957 முதல் 1959 வரை நடத்திய குழு அது. முன்வரிசையில் இரண்டு டெனர்கள், பின்னால் பியானோ, பேஸ், டிரம்ஸ். அந்த இரவின் பதிவு இசைத்தட்டாக வந்தது, இன்றும் கிடைக்கிறது. தியேட்டர் வாசற்படியில் நின்று ஹெட்போனில் 'சீக் டு சீக்' போட்டேன். எல்லாரும் மெதுவாக ஆடும் பாட்டை இவர்கள் தலைதெறிக்கிற வேகத்தில் எடுக்கிறார்கள். அந்த வேகத்தில் இரண்டு டெனர்களும் ஒரே மூச்சில் சேர்ந்து வளைந்து சேர்ந்து நிற்கின்றன. இரண்டு பேர் சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், கஷ்டம் விரலில் இல்லை. ஸ்வரத்தை எங்கே வெட்டுவது, எங்கே மூச்சு எடுப்பது என்பதில்தான் இருக்கிறது. இவர்கள் நாக்கு ரீடை (ஊதும் முனையில் அதிரும் மெல்லிய நாணல் தகடு) தொடும் நொடிகூட ஒன்றாக விழுகிறது.

தனி ஆவர்த்தனத்தில் ஆள் தெரிந்துவிடும். டப்பி ஓயமாட்டார். பொங்கி வந்துகொண்டே இருக்கும். ரோனி ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் விடுவார், அடுத்த வரி சற்றுத் தாமதமாக வந்து தாளத்தின் பின்பக்கத்தில் உட்காரும். ஒலியில் ஒரு கரகரப்பு, அடியில் ஒரு வருத்தம். எனக்கு டப்பி மேல் பிரமிப்பு, ரோனி மேல் பிரியம். அமெரிக்க பேஸ்காரர் சார்லஸ் மிங்கஸ் 1961இல் லண்டன் வந்தபோது, இங்குள்ள வெள்ளைக்காரர்களில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு) உணர்ச்சிக்கு மிகப் பக்கத்தில் போகிறவர் ரோனி ஸ்காட்தான் என்று சொன்னார். மிங்கஸ் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் அல்ல.

வெள்ளி

வாட்டர்லூவில் ரயிலேறி சவுத்தாம்ப்டன். இரண்டு காரணங்கள்.

முதலாவது கப்பல். தடை இருந்த காலத்தில் அமெரிக்க ஜாஸை நேரில் கேட்க ஒரு வழி இருந்தது: அட்லாண்டிக் கடக்கும் கப்பலில் வேலைக்குச் சேர்வது. ஜெரால்டோ என்ற குழுத்தலைவர் குனார்ட் கப்பல்களுக்கு வாத்தியக்காரர்களைப் பிடித்து அனுப்பினார். 'ஜெரால்டோவின் கடற்படை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ரோனி 1946இலிருந்து 1950 வாக்கில் வரை விட்டு விட்டு குயின் மேரி கப்பலில் வாசித்தார். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ ஐந்து நாள். வழி நெடுக முதல் வகுப்புப் பயணிகளுக்கு வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்று நடன இசை. நங்கூரம் போட்டதும் டாக்ஸி பிடித்து 52ஆம் தெருவுக்கு ஓட்டம். அங்கே வரிசையாக அடித்தள கிளப்கள், ஒன்றில் சார்லி பார்க்கர், பக்கத்தில் இன்னொருவர். விடிய விடியக் கேட்டுவிட்டு மறுபடி கப்பல், மறுபடி வால்ட்ஸ். ஜெரார்ட் தெருவில் பின்னால் அவர் திறந்தது, அந்த 52ஆம் தெருவில் பார்த்த ஓர் அறையைத்தான்.

துறைமுகத்தில் அந்தக் கால முனையம் இப்போது இல்லை, 1983இல் இடித்துவிட்டார்கள். குயின் மேரி 1967இலேயே கலிஃபோர்னியா லாங் பீச்சுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பத்து மாடி உயரத்துக்கு ஓர் உல்லாசக் கப்பல் நின்றது. தண்ணீர் சாம்பல் நிறம். காற்று முகத்தில் அறைந்தது.

இரண்டாவது காரணம் ஒரு கல்லறை. பஸ் ஏறி இட்சன் ஆற்றைத் தாண்டி பிட்டர்ன் போனேன். அங்கே தேவாலயத் தோட்டத்தில் ஜோ ஹாரியட் கிடக்கிறார். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1928இல் பிறந்தவர், 1951இல் இங்கிலாந்து வந்த ஆல்டோ சாக்ஸபோன்காரர். 1955இல் ரோனி கொஞ்ச காலம் நடத்திய பெரிய குழுவில் இவரும் இருந்தார். 1960இல் 'ஃப்ரீ ஃபார்ம்', அடுத்து 'ஆப்ஸ்ட்ராக்ட்' என்று, ராகமோ தாளக்கட்டோ முன்கூட்டி நிர்ணயிக்காத இசையைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் ஆர்னெட் கோல்மன் இதே திசையில் போய்க்கொண்டிருந்த நேரம். இவருடையது சொந்த வழி.

நம்மவர்களுக்கு இவரிடம் ஒரு சொந்தம் உண்டு. 1960களின் நடுவில் ஜான் மேயர் என்ற வயலின் கலைஞரோடு சேர்ந்து 'இந்தோ ஜாஸ்' இசையைப் பதிவு செய்தார்: ஐந்து ஜாஸ்காரர்கள், சிதார், தபலா, தம்பூராவோடு இன்னொரு ஐவர். மேயர் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா ஆங்கிலோ இந்தியர், அம்மா தமிழர். உதவித்தொகையில் லண்டன் ராயல் அகாதமிக்கு வந்து, இங்குள்ள பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயலின் வாசித்துக்கொண்டே ராகங்களை வைத்து எழுதியவர். இந்த இசைத்தட்டுகளை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தயவுசெய்து கேளுங்கள். ஹாரியட்டின் ஆல்டோ ராகத்துக்குள் விருந்தாளியாக நுழைவதில்லை, உரிமையோடு சண்டை போட்டுக்கொண்டு நுழைகிறது.

புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கல்லுக்குக் கூட்டிப் போனார். கல்லில் ஹாரியட் சொன்ன ஒரு வரி பொறித்திருக்கிறது: 'பார்க்கரா? இங்கேயும் துருப்புச் சீட்டு வைத்திருப்பவர்கள் உண்டு.' கடைசி வருஷங்களில் கையில் காசில்லாமல், உடம்பு கெட்டு, இந்த ஊரில் தங்கியிருந்தார். 1973 ஜனவரி 2 அன்று இறந்தபோது வயது 44. அதே வருஷம் ஜூனில், இதய அறுவை சிகிச்சையின்போது டப்பி ஹேஸும் போனார். அவருக்கு 38.

ரயிலில் திரும்பும்போது இதே நினைப்பு. ரோனியோடு நின்ற இரண்டு பெரிய வாத்தியக்காரர்கள் ஒரே வருஷத்தில். அவர் அதற்கப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் வாசித்தார்.

சனி, நள்ளிரவுக்கு மேல்

இன்று தம்பியும் வந்தான். அவனுக்கு ஜாஸ் பழக்கமில்லை. 'அண்ணே, நீங்க வாங்கிக் குடுத்தா வரேன்' என்றான்.

கிளப் 1965 டிசம்பரில் ஜெரார்ட் தெருவிலிருந்து ஃபிரித் தெருவுக்கு மாறியது. ரோனியும் பீட்டும் பழைய இடத்தைக் குத்தகை முடியும் வரை இளைஞர்களுக்கு விட்டுவைத்தார்கள். ஜான் சர்மன், மைக் வெஸ்ட்ப்ரூக் போன்றவர்கள் அங்கே வளர்ந்தார்கள். இது சாதாரண விஷயமில்லை. புதுக் கிளப்பின் கடனே கழுத்தை நெரிக்கும்போது, டிக்கெட் விற்காத இசைக்கு ஓர் அறையை ஒதுக்குவது. அதோடு நிற்கவில்லை. 1968இல் அந்தப் புது இசைக்காரர்களையே, சர்மன், கென்னி வீலர், டோனி ஆக்ஸ்லி என்று சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்தார். நாற்பதைத் தாண்டிய பீபாப்காரர், அந்தப் புரட்சிக்காரர்களோடு நின்று வாசித்தார்.

ஃபிரித் தெரு சனிக்கிழமை இரவில் திருவிழாக் கூட்டம். கிளப்புக்கு எதிரே பார் இத்தாலியா, 1949இலிருந்து நடக்கும் காபிக் கடை. அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் 1926இல் பெய்ர்ட் முதன்முதலில் டெலிவிஷனைக் காட்டினார். ஒரு வீடு தள்ளிச் சிறுவன் மோட்சார்ட் குடியிருந்த இடம். காபி நல்ல கசப்பு.

உள்ளே நீளவாட்டில் தாழ்வான கூரை, மேசைக்கு மேசை சிவப்பு விளக்கு, சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். மேடை மிக அருகில். முதல் வரிசையிலிருந்து டிரம்மரின் வியர்வை தெரிகிறது. இன்று ஓர் இளம் டெனர்காரரின் நால்வர் குழு. மெதுவான ஒரு பாட்டில் அவர் மைக்கை விட்டு ஓரடி பின்னே நகர்ந்து வாசித்தார். அறையின் பின்சுவர் வரை ஒவ்வொரு ஸ்வரமும் போனது. ஸ்வரம் முடிந்தபின் மூச்சுக்காற்று மட்டும் ரீடில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. பெரிய பெரிய மண்டபங்களில் வாசித்துப் பழகிய எனக்கு அந்த ஒரு சத்தம் போதும், இவர்கள் ஏன் இந்த அறையை அமைத்தார்கள் என்று புரிந்துகொள்ள. தம்பி என் காதருகே குனிந்து, 'அண்ணே, அந்த டிரம்ஸ்காரர் சும்மா இருக்கிற நேரத்துலயும் தலையாட்டிக்கிட்டே இருக்கார் பாருங்க' என்றான். சரியாகத்தான் பார்த்திருக்கிறான். எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதே ஃபிரித் தெரு மேடையில் 1970 செப்டம்பர் 16 அன்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கடைசி முறையாகப் பொதுவில் கிட்டார் வாசித்தார். கூட்டம் கேட்டு மகிழும் கதை அது. நான் நினைத்தது இன்னொன்றை. கென்னி கிளார்க், ஃப்ரான்ஸி போலாண்ட் இருவரும் ஐரோப்பாவில் நடத்திய பெரிய குழுவில் ரோனி 1960களில் இருந்தார். அமெரிக்காவின் முன்னணி டெனர்கள் உட்கார்ந்த வரிசையில் ஒரு நாற்காலி அவருக்கு. 1969இல் அந்தக் குழு இதே கிளப்பில் வாசித்துப் பதிவு செய்தது. தன் கிளப்பில், தன் பெயர்ப்பலகைக்குக் கீழே, வரிசையில் ஒருவராக அவர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார்.

ஞாயிறு

ராத்திரி விமானம். காலையில் பெர்விக் தெருவில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் நேரம் போனது.

அவர் பெயரில் வந்த தட்டுகள் இவ்வளவு நீண்ட வாழ்க்கைக்கு ரொம்பக் குறைவு. 1977இல் 'சீரியஸ் கோல்ட்', 1990இல் 'நெவர் பேட் எ பர்னிங் டாக்', இன்னும் சில. பாக்கியெல்லாம் மற்றவர்கள் தட்டில். பீட்டில்ஸின் 'லேடி மடோனா' பாட்டில் (1968) தனித்து ஒலிக்கும் டெனர் அவர்தான், கோடிக்கணக்கானோர் பெயர் தெரியாமல் கேட்ட சாக்ஸபோன்.

முடிவைப் பற்றி எழுதாமல் தவிர்க்கலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். 1990களின் நடுவில் அவர் பற்கள் கெட்டுப்போயின. செயற்கைப் பற்கள் பொருத்தும் சிகிச்சை நீண்டது. சாக்ஸபோனில் மேல்வரிசைப் பற்கள் நேராக மவுத்பீஸ் மேல் உட்காரும், கீழுதடு கீழ்ப்பற்களின் மேல் மடிந்து ரீடைத் தாங்கும். வாசிக்கும்போது அதிர்வு பல் வழியாகத் தலைக்குள் ஏறும். நம் ஒலியை நாம் கேட்பதில் பாதி அந்த வழியில்தான். பல் மாறினால் ஐம்பது வருஷமாகப் பிடித்த ஒலி கைவிட்டுப் போகும். எனக்கு ஒரு பல் ஆடியபோதே இரண்டு மாதம் சுருதி நிற்கவில்லை. அவரால் வாசிக்க முடியாமல் போயிற்று. ஏற்கெனவே மனச்சோர்வு நோயோடு போராடி வந்தவர். 1996 டிசம்பர் 23 அன்று, 69 வயதில் இறந்தார். விசாரணையில் அது தவறுதலாக நேர்ந்த மரணம் என்று பதிவானது. வாசிப்பு எந்த அளவுக்கு அவருடைய உயிர் என்பதை அவரை கிளப் முதலாளியாக மட்டும் பார்ப்பவர்கள் புரிந்துகொள்ள முடியாது.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு என் வரிசை இது. முதலில் டொமினியன் தியேட்டர் பதிவு. அடுத்து 1968 குழுவின் பதிவு. அதற்கப்புறம் 1990 தட்டு, அறுபதைத் தாண்டிய டெனர் எப்படிக் குறைத்துப் பேசுகிறது என்பதற்காக. நடுவில் ஹாரியட்டும் மேயரும்.

டொமினியன் பதிவின் பழைய எல்பி கடையில் கிடைத்தது, உறை ஓரம் கிழிந்திருந்தாலும் தட்டு சுத்தம். ஊருக்குப் போனதும் 'சீக் டு சீக்'கை இரண்டு டெனருக்குக் காதால் பிடித்து எழுதப் போகிறேன். எங்கள் குழுவில் ஒரு டெனர்தான் இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் டெனர் வாசிப்பவர், வேகத்துக்குப் பயப்படாதவர் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.